கை சொன்ன கதை



வட சென்னையின் ஸ்டான்லி மருத்துவமனையில் நான் பயின்ற நாளில் கண்ட ஒரு கையைப் பற்றி இன்று சொல்ல விரும்புகிறேன். காசிமேட்டு மீனவப் பெரியவர் ஒருவரின் வலக்கை அது. உள்ளங்கையின் நடுவே புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி. வலியில்லை, வலைக் கயிற்றைப் பிடித்தால் மட்டும் உறுத்தும். "புற்றாக இருக்குமோ தம்பி? கையை எடுத்துவிடுவார்களோ?" என்று கேட்டார். கை போனால் வீட்டில் உலை ஏறாது என்பதே அவர் அச்சம்.

எனக்கும் ஐயந்தான். தோலடியில் தோன்றும் தீங்கற்ற உறைக்கட்டிகள் பெரும்பாலும் முகம், கழுத்து, முதுகு முதலிய இடங்களில் மயிர்க்காலிலிருந்து எழுவன. உள்ளங்கையிலோ மயிர்க்காலே இல்லை. பின் இது எங்ஙனம் வந்தது?

என் ஆசிரியர் கட்டியைத் தொடுமுன் ஒரு வினாவே எழுப்பினார்: "ஐயா, இவ்விடத்தில் முன்பு ஏதேனும் குத்தியதுண்டா?"

பெரியவர் சற்றுச் சிந்தித்தார். "இரண்டு வருஷத்துக்கு முன் தூண்டில் முள் ஏறியது, டாக்டர்."

புதிருக்கு விடை அதிலே இருந்தது. கூரிய பொருள் குத்தும்போது மேல்தோலின் சிறு துணுக்கு உள்ளே புதைந்துவிடுவதுண்டு. வெளிப்புண் ஆறிவிடும், புதைந்த துணுக்கோ தன் இயல்பு மாறாமல் கெரட்டின் என்னும் பொருளை உதிர்த்துக்கொண்டே இருக்கும். வெளியேற வழியின்றி அது ஓர் உறைக்குள் திரண்டு, மாதங்களோ ஆண்டுகளோ கழித்துக் கட்டியாகிறது. தையற்காரர் விரலிலும், வெறுங்காலுடன் நடப்பவர் உள்ளங்காலிலும் இவ்வாறு நேர்வதுண்டு.

ஆயினும் ஆசிரியர் அவசரப்படவில்லை. கட்டியின் ஒருபுறம் விளக்கொளியைப் பாய்ச்சினார். மூட்டருகே தோன்றும் நீர்க்கட்டியாயின் ஒளி ஊடுருவும், இதில் ஊடுருவவில்லை. விரல்களை மடக்கி நீட்டச் செய்து, தசைநாணோடு கட்டி நகர்கிறதா என்று நோக்கினார். எலும்பைக் காண எக்ஸ்ரே எடுக்கச் செய்தார். பின்னர்க் கட்டியை உறையுடன் முழுமையாக அகற்றி, நுண்ணோக்கிச் சோதனைக்கு அனுப்பினார். உறையில் சிறிது எஞ்சினாலும் கட்டி மீண்டும் வளரக்கூடும். தீங்கற்றது என்ற முடிவு வந்தபின் பெரியவர் வலைக்குத் திரும்பினார்.

துறைமுகமும் ஆலைகளும் சூழ்ந்த இப்பகுதியில் கையே முதல். ஸ்டான்லியில் 1971-இல் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி கை அறுவைக்கெனத் தனிப்பிரிவு தொடங்கியதன் அருமை இதனால் விளங்கும்.

நண்பர்களே, உங்கள் வீட்டில் எவருக்கேனும் இத்தகைய கட்டி தோன்றினால் பிதுக்கவோ ஊசியால் குத்தவோ விடாதீர்கள், சீழ் பிடிக்கும். மருத்துவரிடம் செல்லும்போது, மறந்துபோன அந்தப் பழைய காயத்தையும் நினைவுபடுத்திச் சொல்லச் சொல்லுங்கள். நோயை அறியும் வழி பல வேளைகளில் அங்கேதான் தொடங்குகிறது.