கம்பியின்கீழ்க் கனப்பொறி



ஊரார் 'பொக்லைன்' என வழங்கும் மண்ணகழ் பொறி, வேலை முடிந்ததும் சரக்குந்தில் ஏறி அடுத்த ஊருக்குச் செல்கின்றது. ஏற்றும் இடமோ பெரும்பாலும் சாலையோரம், மேலே மின்கம்பி. இடர் பிறப்பது அங்கேதான்.

சாலையைக் குறுக்கே கடக்கும் 11,000 வோல்ட்டுக் கம்பி, தரையினின்று 6.1 மீட்டருக்கு, அஃதாவது 20 அடிக்குக் குறையலாகாதென 1956-ஆம் ஆண்டின் இந்திய மின் விதிகள் வரையறுத்தன. அது ஏட்டளவு. சாலைமேல் சாலை போடப் போடத் தரை உயர்கின்றது. வெயிலில் கம்பி நீண்டு தொய்கின்றது. சரக்குந்தின் தளம் ஏறத்தாழ 3 அடி. கை மடங்கிய பொறி ஏறத்தாழ 10 அடி. எஞ்சுவது 7 அடியே. சாய்தளத்தில் ஏறுங்கால் பொறியின் முன்புறம் நிமிர்கின்றது. ஓட்டுநர் கையைச் சற்றே உயர்த்தினால், எஞ்சிய 7 அடியும் நொடியில் கரையும்.

தொட்டால்தான் கேடு என்பது பிழை. அழுத்தம் மிகுந்த மின்னாற்றல் இடைவெளியைத் தாண்டியும் பாயும். அமெரிக்கத் தொழிற்காப்பு விதிகள் 50,000 வோல்ட்டு வரையுள்ள கம்பிகளுக்கே 10 அடி இடைவெளி கேட்கின்றன. ரப்பர் டயர் காக்கும் என்பதும் பிழை. கம்பியைக் கழியால் தூக்கி வண்டியை விடுவதோ, சாவை அழைப்பது. ஈரக்கழி மின்னைக் கடத்தும்.

2022 ஏப்ரல் 27 அன்று, தஞ்சையை அடுத்த களிமேட்டில் தேரின் உச்சி உயரழுத்தக் கம்பியிற் பட்டு 11 பேர் மாண்டனர். தேர் பொறியன்று, ஆயினும் உயரக்கணக்கு ஒன்றே.

ஆகவே, கம்பியில்லா வெளியிலேயே ஏற்றுக. இயலாவிடின், மின்வாரியத்தாரைக் கொண்டு மின்னை நிறுத்துவித்தபின் ஏற்றுக. ஏற்றியதும் உயரத்தை அளந்து, செல்லும் வழியிலுள்ள கம்பிகளை முன்கூட்டியே பார்த்து வருக. கம்பியை மட்டுமே நோக்க ஓர் ஆளை நிறுத்துக.

பொறி கம்பியிற் பட்டுவிட்டால், ஓட்டுநர் இருக்கையிலேயே அமர்ந்திருத்தல் வேண்டும், பிறர் அணுகலாகாது. தீப்பற்றினால் மட்டுமே, பொறியையும் நிலத்தையும் ஒருங்கே தொடாமல், இருகால் சேர்த்துக் குதித்து, காலகட்டாமல் சிறிது சிறிதாய் நகர்ந்து விலகுக.

இன்னுமொன்று. காவல் நிற்பவன் கூவுவது 'நிறுத்து' என்னும் ஒரே சொல். அது ஓட்டுநர்க்கு விளங்குதல் வேண்டும். தமிழர்க்குத் தமிழில் சொல்லுக. வடநாட்டினின்று பிழைக்க வந்தவர்க்கு அவர்தம் மொழியிற் சொல்லுக. எந்தச் சொல் என்பதை வேலை தொடங்குமுன்பே பேசி வைத்துக்கொள்க. உழைப்பவன் மொழியில் சொல்லாத எச்சரிக்கை எச்சரிக்கையே அன்று.