போரை மீண்டும் நடிப்பது யாருக்காக?

கடந்தகாலப் போர்களை அதே களத்தில், அதே உடையில் மீண்டும் நடித்துக்காட்டும் வழக்கம் மேலை நாடுகளில் பரவலாக உண்டு. அது பொழுதுபோக்கு என்பார் சிலர். வரலாற்றுக் கல்வி என்பார் வேறு சிலர். ஆனால் முதலில் எழ வேண்டிய கேள்வி வேறு: எது நடிக்கப்படுகிறது, எது விடப்படுகிறது?

அமெரிக்க உள்நாட்டுப் போரை எடுத்துக்கொள்வோம். தென் மாநிலங்கள் பிரிந்து சென்றது அடிமை முறையைக் காப்பதற்காகவே. மிசிசிப்பி மாநிலம் தன் பிரிவினைப் பிரகடனத்தில் இதை ஒளிக்கவில்லை. அன்று அந்நாட்டில் சுமார் 40 லட்சம் மனிதர்கள் அடிமைகளாக இருந்தனர். வட மாநிலங்களின் படையில் சுமார் 1,80,000 கறுப்பின வீரர்கள் போரிட்டனர். 1864 நவம்பரில் முதலாம் அகிலத்தின் சார்பில் லிங்கனுக்கு வாழ்த்துரை எழுதிய மார்க்ஸ், அப்போரைத் தொழிலாளி வர்க்கத்தின் விடுதலையோடு இணைத்தே கண்டார்.

நூறாண்டு கழித்து நிகழ்ந்தது என்ன? 1961 பிப்ரவரியில் அலபாமாவின் தலைநகர் மாண்ட்கோமரியில், அடிமை உடைமையாளர்களின் அதிபரான ஜெபர்சன் டேவிசின் பதவியேற்பு கோலாகலமாக மீண்டும் நடிக்கப்பட்டது. ஏப்ரலில் நூற்றாண்டுக் குழுவின் தேசியக் கூட்டம் சார்ல்ஸ்டனில் கூடவிருந்தபோது, நியூ ஜெர்சியின் கறுப்பினப் பிரதிநிதி மேடலின் வில்லியம்சுக்கு விடுதியில் இடம் மறுக்கப்பட்டது. கென்னடி தலையிட்ட பிறகே கூட்டம் கடற்படைத் தளத்துக்கு மாற்றப்பட்டது. மே மாதம் அதே மாண்ட்கோமரியின் பேருந்து நிலையத்தில், இன ஒதுக்கலை எதிர்த்து வந்த விடுதலைப் பயணிகளை நிறவெறிக் கும்பல் அடித்துக் குருதி சிந்தவைத்தது. ஜூலையில் மனாசஸ் சமர் பெருங்கூட்டத்தின் முன் நடிக்கப்பட்டது. இரு தரப்பின் வீரமும் போற்றப்பட்டது. போரின் காரணம் மட்டும் களத்துக்கு வரவில்லை. அந்தச் சமரசத்தின் விலையைக் கறுப்பின மக்களே செலுத்தினர்.

இதற்கு நேர்மாறான சான்று இங்கிலாந்தில் உண்டு. 1984 ஜூன் 18 அன்று, தெற்கு யார்க்ஷயரில் ஆர்கிரீவ் ஆலையின் முன் திரண்ட சுரங்கத் தொழிலாளர் மீது குதிரைக் காவலர் ஏவப்பட்டனர். தொழிலாளர் கல்லெறிந்த பின்னரே குதிரைகள் பாய்ந்தன என்று தோன்றும்படி, காட்சிகளின் வரிசை மாறிய செய்தியைப் பிபிசி ஒளிபரப்பியது. 95 பேர் மீது தொடுக்கப்பட்ட வழக்கு 1985இல் நீதிமன்றத்தில் நொறுங்கியது. 1991இல் 39 பேருக்குக் காவல்துறை 4,25,000 பவுண்டு இழப்பீடு தந்தது. ஆயினும் பொறுப்பை ஏற்கவில்லை.

2001 ஜூன் 17 அன்று கலைஞர் ஜெரமி டெல்லர் அம்மோதலை அவ்வூரிலேயே மீண்டும் நிகழ்த்தினார். ஏறத்தாழ ஆயிரம் பேர் பங்கேற்றனர். அவர்களுள் சுமார் 200 பேர் முன்னாள் சுரங்கத் தொழிலாளர். சிலர் காவலர் வேடமும் ஏற்றனர். அடிபட்டவர்களே சாட்சிகளாக நின்றதால் அங்கே காரணம் மறையவில்லை. ஓயாத இயக்கத்தின் விளைவாக, 2025 ஜூலையில் பிரிட்டிஷ் அரசு ஆர்கிரீவ் குறித்து விசாரணை அறிவித்தது.

நம் நாட்டிலும் இக்கேள்வி உயிருடன் உள்ளது. 1818 ஜனவரி 1 அன்று பீமா கோரேகாவில் கம்பெனிப் படையிலிருந்த மகர் வீரர்கள் பேஷ்வாவின் படையை எதிர்த்து நின்றனர். 1927இல் அம்பேத்கர் அந்நினைவுத் தூணுக்குச் சென்றார். ஏகாதிபத்தியத்தின் வெற்றியை எப்படிக் கொண்டாடலாம் என்று கேட்போர், பேஷ்வா ஆட்சியின் சாதிக் கொடுமையைக் கணக்கில் கொள்வதில்லை. கம்பெனி எவருக்கும் விடுதலை தர வரவில்லை என்பதும் உண்மை. தலித் மக்கள் அங்கே தம் மானத்தை நினைவுகூர்கின்றனர் என்பதும் உண்மை. இவ்விரண்டையும் சேர்த்துச் சொல்வதே வரலாற்றுப் பொருள்முதல்வாதம். 2018இல், 200ஆம் ஆண்டு நாளில் அங்கு கூடியோர் தாக்கப்பட்டதை மறப்பதற்கில்லை.

பிளவுண்ட கடந்தகாலத்தை மூடிவைப்பதால் பிளவு ஆறுவதில்லை. ஆகவே, தோழர்களே, ஒவ்வொரு கிளையும் தன் வட்டாரப் போராட்டங்களில் பங்கேற்று இன்றும் நம்மிடையே வாழ்வோரின் சாட்சியங்களைப் பதிவு செய்யட்டும். அவர்கள் பேசாவிட்டால், அவர்களுடைய போரையும் நாளை வேறு எவரேனும் நடித்துக்காட்டுவர்.