விரல் மட்டும் போதுமா?
(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஆற்றிய உரை)

 

நம் பாட்டன்மார் காலத்தில் சம்பள நாளன்று கிராணி கணக்கு எழுதுவார். எழுதப் படிக்கத் தெரியாத நம்மவர் பெருவிரலில் மை தடவிக் கைநாட்டு வைப்பார். எவ்வளவு பிடித்தார்கள், ஏன் பிடித்தார்கள் என்று கேட்கத் தெரியாது. இன்று மை இல்லை. கைத்தொலைபேசியின் கண்ணாடி மேல் விரலை வைக்கிறோம். சம்பளமும் சேமநிதியும் உடனே தெரிகின்றன. நல்ல வசதிதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே தெரியும் எண் சரியா என்று பார்க்கத் தெரியாவிட்டால், அதுவும் ஒரு கைநாட்டுதானே? கொஞ்சம் நினைச்சுப் பாருங்க!

2025-ஆம் ஆண்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனது. ஊழியர் சேமநிதிக்குத் தொழிலாளி பங்கு நூற்றுக்கு 11, முதலாளி பங்கு நூற்றுக்கு 13. பதினேழு நூறு இருக்கிறது. 17-ஐ 11-ஆல் பெருக்கினால் 187, 13-ஆல் பெருக்கினால் 221. ஆக மாதம் 408 ரிங்கிட் உங்கள் கணக்கில் சேர வேண்டும். வாய்ப்பாடு தெரிந்த ஆறாம் ஆண்டுப் பிள்ளையே இதைச் சொல்லிவிடும்.

காஹாங் பக்கம் ஓடும் செம்பனைக் குலை லாரிகளைப் பாருங்கள். ஆலை வாசலில் எடை மேடை மேல் லாரி ஏறி நின்றதும் கணினி எடை சொல்லிவிடுகிறது. சூட்சுமம் ஒன்றுமில்லை. சுமை லாரியின் எடையிலிருந்து காலி லாரியின் எடையைக் கழிக்கிறது, அவ்வளவுதான்! இது தெரிந்தவன் சீட்டைப் படிப்பான்; தெரியாதவன் வாங்கிச் சட்டைப் பையில் வைப்பான்.

அக்காலத்துத் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி மனப்பாடம் செய்தார்கள். அரை, கால், அரைக்கால், மாகாணி என்று இறங்கி முந்திரி வரை போவார்கள். முந்திரி என்றால் 320-இல் ஒரு பங்கு. அதை நெல் அளக்கவும் கூலி பார்க்கவும் பயன்படுத்தியவனை எளிதில் ஏமாற்ற முடியாது. பொருள் தெரியாமல் ஒப்பித்தவனுக்கோ பயன் குறைவு. அர்த்தம் தெரியாமல் ஒப்பிப்பதும், அர்த்தம் தெரியாமல் பொத்தானை அமுக்குவதும் ஒன்றுதான். ஆகவே குற்றம் கருவியில் இல்லை. கேள்வி கேட்காத மனத்தில் இருக்கிறது.

முன்பின் தெரியாதவன் அனுப்பும் இணைப்பைத் தட்டி, வங்கிப் பணத்தை இழந்தவர்கள் நாட்டில் ஏராளம். அப்படி ஏமாந்தவர்கள் உடனே அழைக்கத்தான் 2022-இல் 997 என்ற எண்ணை அரசாங்கம் ஏற்படுத்தியது. தட்டுவது சுலபம், போன காசைத் திரும்ப எடுப்பது சுலபமில்லீங்க.

பெற்றோர்களே, சம்பளச் சீட்டு வந்ததும் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். "இந்தத் தொகை எப்படி வந்துச்சு, சொல்லு ராஜா" என்று கேளுங்கள். மாணவர்களே, கருவியைத் தொடும் முன்பு ஏறக்குறைய எவ்வளவு வரும் என்று மனத்தில் போட்டுப் பாருங்கள். 187 வர வேண்டிய இடத்தில் 1,870 வந்தால், "சம்பளத்தையே தாண்டிப் போச்சே!" என்று உங்களுக்கு உறைக்க வேண்டும்.

இன்று பரிசு வாங்கும் செல்வங்களுக்கு என் வாழ்த்துகள். வாங்காதவர்களுக்கும் சொல்கிறேன்: வீட்டுக் கணக்கைப் புரிந்து அப்பா அம்மாவுக்கு விளக்கும் பிள்ளை எதுவோ, அதுவே இந்தத் தோட்டத்தின் முதல் பரிசு.