திணை மயங்கிய பள்ளத்தாக்கு



உழவைப் பாடாத தமிழ்க் கவிஞர் அரியர். ஆயினும், உழவர் குடும்பம் ஒன்று ஓராண்டுக் காலம் எவ்வெவற்றால் உண்டு உடுத்து வாழ்கிறது என்னும் வினாவுக்கு அக்கவிதைகளில் விடை காண்பது அரிது. அவ்வினாவை விடாது கேட்டு வந்தவை வேளாண் பொருளியல், மானிடவியல் முதலிய துறைகளின் கள ஆய்வுகளே. அவ்வாய்வுகளின் துணைகொண்டு கம்பம் பள்ளத்தாக்கைக் காண்பதும், அங்குக் காணப்படுவது கவிதைக்கு என்ன கடமையை விதிக்கிறது என எண்ணுவதும் இவ்வுரையின் நோக்கம்.

வாழ்வை நிலத்தோடு சேர்த்துக் காணும் பார்வை தமிழுக்குப் புதிதன்று. நிலமும் பொழுதும் முதற்பொருள். உணவு, விலங்கு, மரம், தொழில் முதலியன கருப்பொருள். அவற்றின் நடுவே மாந்தர் ஒழுகலாறு உரிப்பொருள் எனத் தொல்காப்பியர் வகுத்தார். 1970களில் உலகெங்கும் பரவிய வேளாண்மைமுறை ஆய்வும், ஒரு பயிரைத் தனியே எடுத்து விளைச்சலை அளப்பதோடு நில்லாமல், நிலம், நீர், கால்நடை, உழைப்பு, சந்தை ஆகியவற்றை ஒன்றாக வைத்தே குடும்பத்தின் பிழைப்பைக் காண முயன்றது. இவ்விரண்டும் ஒன்றல்ல, ஒன்று கவிதையின் இலக்கணம், மற்றொன்று வாழ்க்கைக் கணக்கு. எனினும், பிரித்துக் கண்டால் பொருள் விளங்காது என்னும் தெளிவு இரண்டிற்கும் பொது.

தமிழகத்தில் இத்தகைய ஆய்வுக்கு ஒரு நூற்றாண்டு வரலாறு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலின் முதற் பேராசிரியராக விளங்கிய கில்பர்ட் ஸ்லேட்டர், 1916இல் தம் மாணவரைக் கொண்டு சிற்றூர்களை ஆராயச் செய்தார். 1918இல் நூலாக வந்த அவ்வாய்வில் இடம்பெற்ற ஊர்களுள் தென்னார்க்காட்டு இருவேல்பட்டும் ஒன்று. 1930களிலும், 1961இலும், 1980களிலும், 2008இலும் ஆய்வாளர்கள் அவ்வூருக்குத் திரும்பத் திரும்பச் சென்றனர். முதல் ஆய்வில் நிலவுடைமையாளரை அண்டி வாழ்ந்த உழைப்பாளரின் வழித்தோன்றல்கள், கடைசி ஆய்வில் பெரிதும் வேளாண்மைக்கு வெளியே வேலை தேடிக்கொண்டவர்களாகக் காணப்பட்டனர். நிலவுடைமையின் பழைய பிடி தளர்ந்திருந்தது. ஊர் அங்கேயே இருந்தது. ஊராரின் பிழைப்பு ஊரெல்லையைக் கடந்துவிட்டது.

1973-74இல் வடார்க்காட்டில் நடைபெற்ற ஆய்வில் பங்கேற்ற ராபர்ட் சேம்பர்ஸ், 1983இல் எழுதிய நூலில் ஆய்வாளரின் குறைகளையே பட்டியலிட்டார். தார்ச்சாலையை ஒட்டிய ஊர்களை மட்டும் காண்பது. மழையில்லாக் காலத்தில் மட்டும் செல்வது. வசதி படைத்தோரிடமும் ஆண்களிடமும் மட்டும் பேசுவது என்பன அவற்றுட் சில. இக்குறைகள் ஆய்வாளர்க்கு மட்டுமே உரியன அல்ல என்பதைக் கவிஞர் பெருமக்கள் அறிவார்கள்.

இனிக் கம்பத்திற்கு வருவோம். தேனியிலிருந்து குமுளி செல்லும் சாலையில் வருவோர் கண்ணுக்கு முதலில் தெரிவது மருதம். 1895இல் நிறைவுற்ற பெரியாறு அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கவழியே இப்பக்கம் திரும்பியதால், லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. கூடலூர், சுருளிப்பட்டிப் பக்கங்களில் திராட்சைப் பந்தல்கள் விரிகின்றன. கவாத்து செய்யும் காலத்தை முறைவைத்து மாற்றுவதால், ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு பந்தலில் பழம் தொங்கும். இங்கு விளையும் பன்னீர்த் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இவ்வளவையும் பாடினால் பள்ளத்தாக்கைப் பாடியாயிற்று என்று தோன்றும். தார்ச்சாலைப் பார்வை என்பது இதுவே.

அச்சாலையை வைகறையில் காண வேண்டும். கம்பம்மெட்டும் குமுளியும் நோக்கி ஜீப்புகள் மலையேறும். தூக்குவாளியும் தலைத்துணியுமாக அவற்றில் நெருங்கி அமர்ந்திருப்போருள் பெரும்பாலோர் பெண்கள். இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் வேலை செய்து, பொழுது சாயும்போது இறங்கிவரும் தொழிலாளர் இவர்கள். ஏலக்காய் ஒரே நாளில் அறுவடையாகும் பொருளன்று. ஒரு சரத்திலேயே காய்கள் வெவ்வேறு காலத்தில் முதிர்வதால், சில வாரங்களுக்கு ஒருமுறையாகப் பல சுற்றுகள் காய் எடுக்க வேண்டும். முதிர்ந்ததை விட்டுவிடாமலும் பிஞ்சைத் தொடாமலும் செய்யும் கைத்திறன் அது. நடவுக் காலத்தில் வயலில் நாற்று நடும் கையே பிறிதொரு காலத்தில் மலையில் காய் எடுக்கிறது. அக்குடும்பத்தை மருதத்துக் குடும்பம் என்பதா, குறிஞ்சிக் குடும்பம் என்பதா?

உரிப்பொருள் ஒழிந்த ஏனையவை திணைகளுக்குள் மயங்கலாம் எனத் தொல்காப்பியர் இடம் தந்தார். ஆனால் இப்பள்ளத்தாக்கில் உரிப்பொருளே இடம் மாறி நிற்கிறது. அகமரபில் பொருள்வயிற் பிரிபவன் தலைவன். இல்லில் ஆற்றியிருப்பவள் தலைவி. இங்கே பொருள் தேடி நாள்தோறும் மலைகடப்பவள் தலைவி. அளவுக்கு மீறி ஆளேற்றிய ஜீப் கவிழ்ந்தது என்னும் செய்தி வரும் நாள்களில், ஆற்றியிருத்தல் என்பது வீட்டிலிருக்கும் குழந்தைகளுக்கும் முதியோர்க்கும் உரியதாகிறது. சுரத்தின் கொடுமையைப் பாடிய மொழியில், இந்த மலைவழியின் அச்சத்திற்கு இன்னும் உரிய இடம் கிடைக்கவில்லை.

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாற்றுச் சிக்கல் முற்றி எல்லைச் சாலைகள் அடைபட்டபோது, இப்பிணைப்பு எவ்வளவு இறுக்கமானது என்பது வெளிப்பட்டது. போராட்டம் அணை நீருக்காக. அந்நீரே வயலின் உயிர். அதே நாள்களில் காய் எடுக்கும் கைகள் மலைக்குச் செல்ல இயலாது நின்றன. மலையில் காய் எடுக்க ஆளில்லை. பள்ளத்தாக்கில் அன்றாடக் கூலி இல்லை. நீரைப் பெறும் உரிமையும் கூலியைப் பெறும் வழியும் ஒரே மலையைக் கடந்துதான் வருகின்றன. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் 142 அடி வரை நீர் தேக்கலாம் எனத் தீர்ப்பளித்தது. நீரின் அளவைத் தீர்ப்புகள் பதிவு செய்கின்றன. இழந்த கூலி நாள்களை எழுதி வைப்பவர் யார்?

முல்லையின் நிலையும் எண்ணத்தக்கது. மலைமாடுகளை மந்தையாக ஓட்டி மேற்குமலைச் சரிவுகளில் மேய்த்து, அறுவடை முடிந்த வயல்களில் கிடை போடுவது இப்பகுதியின் பழைய வழக்கம். காட்டுப் புல் மாட்டின் வழியே வயலுக்கு எருவாயிற்று. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் அமைந்தது. 2022இல் காடுகளில் கால்நடை மேய்ப்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் தடுத்து, பின்னர்ப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா ஆகியவற்றிற்கு அத்தடையை வரையறுத்தது. காட்டைக் காப்பது கடமை என்பதில் ஐயமில்லை. ஆனால் மந்தை குறையுந்தோறும் வயல் இழப்பது எருவை மட்டுமன்று. தொழு, கிடை, பட்டி என ஒரு சொற்குடும்பமே வழக்கிழந்து போகும்.

இப்பள்ளத்தாக்கில் தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் ஆனந்த் பாண்டியன், ‘கோணல் தண்டுகள்’ எனப் பொருள்படும் பெயரில் 2009இல் ஓர் ஆங்கில நூல் வெளியிட்டார். குற்றப் பரம்பரைச் சட்டத்தால் இழிவுபடுத்தப்பட்ட பிறமலைக் கள்ளர் சமூகத்தாரை உழவின் வழியே திருத்தலாம் என அன்றைய ஆட்சி கருதியதையும், நிலத்தைப் பண்படுத்துதல், மனத்தைப் பண்படுத்துதல் என்னும் இரண்டையும் அம்மக்கள் தம் வாழ்வில் எவ்வாறு பொருள்கொண்டனர் என்பதையும் அது ஆராய்கிறது. களத்தில் கேட்ட பேச்சைத் தமிழிலக்கிய மரபோடு வைத்து அவர் படித்தார். ஆய்வாளர் இலக்கியத்தைத் தேடி வந்திருக்கிறார். இலக்கியவாணர் களத்தைத் தேடிச் செல்வதே முறையான எதிர்விருந்து.

‘உழவன்’ என்னும் ஒருமைச் சொல் கவிதைக்கு எளிது. அதனுள் நிலமுடையார், குத்தகைக்கு உழுவார், வாரத்திற்கு உழுவார், நாற்று நடுவாள், காய் எடுப்பாள், மாடு மேய்ப்பான் ஆகிய அனைவரும் மறைந்துவிடுகின்றனர். ஒருவருக்கு நல்ல விலை மற்றொருவருக்குக் குறைந்த கூலியாகவும் அமையலாம். அவ்வேறுபாட்டை மறைக்கும் பாட்டு எத்துணை இனிமையாயினும் பாதி உண்மையே.

பத்தாண்டு நிறைந்த இவ்வட்டம் அடுத்த பத்தாண்டில் ஒரு பணியை மேற்கொள்ளலாம். உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் ஒரு குடும்பத்தின் ஓராண்டைக் கேட்டு எழுதட்டும்: எந்த மாதம் எந்த வேலை, யார் செல்வது, எவ்வளவு கூலி, எந்தச் சொல்லால் அதை அவர்கள் குறிக்கின்றனர் என்று. கேட்பது வைகறையில் ஜீப்புக்குக் காத்திருப்போரிடமிருந்து தொடங்கட்டும்.