தப்பைப் பிள்ளைகள் கையில் கொடுக்கும்போது

(தெல்தோட்டையில் பெற்றோரும் தோட்டத் தலைவர்மாரும் கூடிய கூட்டத்தில், பிள்ளைகளுக்குத் தப்புப் பழக்கும் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



தரம் 7 முதல் 11 வரை படிக்கும் 26 பிள்ளைகளுக்கு நாங்கள் சனிக்கிழமைகளில் தப்புப் பழக்கி வருகிறோம். படிக்கிற நேரத்தில் இந்தச் சத்தம் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரே வரியில் சொல்லிவிடலாம்: வாரத்தில் இரண்டு மணித்தியாலம்தான், சாதாரண தரப் பரீட்சை நெருங்கும்போது பதினோராம் தரப் பிள்ளைகளை நிறுத்திவிடுகிறோம். "சாவு வீட்டுச் சாமானை ஏன் எங்க பிள்ளை கையில குடுக்குறீங்க?" என்று ஒரு தாய் கேட்டார். அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. அதைப் பேசத்தான் வந்திருக்கிறோம்.

தப்பு சாவுக்கு மட்டும் அடித்ததா? இருட்டோடு நம்மை எழுப்பிப் பெரட்டுக்கு அனுப்பியது தப்பு. மாசியில் காமன் கம்பம் ஊன்றினால் மதனையும் ரதியையும் ஆட வைப்பது தப்பு. சாமி இறங்குவதும் அதற்குத்தான். தொழிற்சங்கவாதியும் கவிஞருமான சி.வி. வேலுப்பிள்ளை, 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனவர். தேயிலைத் தோட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் கவிதை எழுதியபோது அவரும் தப்பொலியோடுதான் விடியலைக் காட்டினார். பக்கத்து லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை வைத்த கதையை நம் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படிக்கிறார்கள். அந்த மலைக்கு ஆட்களை எழுப்பி அனுப்பிய தப்பைப் பற்றி அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

ஆனால் அந்தத் தாய் கேட்டது இதை அல்லவே. சாவு என்று அவர் சொன்னது சாதியை. எல்லா வீட்டுச் சாவுக்கும் ஒரு வீட்டுக்காரர் மட்டும் அடிக்க வேண்டும், வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும், கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. இன்னும் சில இடங்களில் இருக்கிறது. ஒரே கொழுந்துக் கூடை, ஒரே சம்பளம், ஒரே சந்தா என்று பேசும் நம் சங்கத்துக்குள்ளும் இது பேசப்படாமலே கிடந்தது. அதைச் சொல்ல எங்களுக்குக் கூச்சமில்லை.

எங்களுக்குப் பழக்குகிறவர் அறுபதைத் தாண்டியவர். சின்ன வயதுக்காரர்கள்கூட அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். முதல் நாள் எட்டாம் தரப் பிள்ளை ஒன்று "சேர்" என்றது. யாரோ வருகிறார்கள் என்று அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

அவர் பழக்கும் விதம் எங்களுக்கே புதிதாக இருந்தது. முதல் மூன்று கிழமை யாருக்கும் தப்பு கிடையாது. கை தட்டு, வாயால் சொல், நட. நடை பிசகினால் அடியும் பிசகும் என்பார். பிறகு மேசையில் குச்சி: வலக்கையில் தடித்த அடிக்குச்சி, இடக்கையில் மெல்லிய மூங்கில் சிம்பு. தோளால் அடிக்கிற பிள்ளையின் முழங்கையைப் பிடித்துக்கொள்வார், மணிக்கட்டு மட்டும் ஆட வேண்டும். பத்தாம் தரப் பையன்களுக்குப் பலம் இருக்கிறது, பொறுமை இல்லை. அடி ஏற ஏற வேகமும் ஏறிவிடும். ஏழாம் தரத்துச் சின்னவள் ஒருத்தியை நடுவில் நிறுத்தி, "இவ கைக்கு எல்லாரும் அடிங்க" என்றார். அன்றைக்குத்தான் பையன்கள் காது கொடுத்தார்கள்.

தப்பு பத்துத்தான் இருக்கிறது. மற்றவர்களுக்குப் பழைய பெயின்ட் வாளி. ஆறு தப்பு தோல், நாலு ஃபைபர். நம் மலையில் பனி இறங்கினால் தோல் தளர்ந்து தொப்பென்று கேட்கும். கவ்வாத்து மிலாறைப் போட்டு நெருப்பு மூட்டிக் காய்ச்ச வேண்டும். பாடசாலை வளவில் நெருப்புக் கூடாது என்றார்கள், அது நியாயம்தான். ஆகவே அங்கே ஃபைபர், லயத்து வாசலில் தோல். ஃபைபரில் அடித்தால் தகரம் பேசுகிற மாதிரி இருக்கிறது என்று அவர் முகம் சுளிப்பார்.

எங்கள் 26 பேரில் அவருடைய பேரன் இல்லை. தரம் 9 படிக்கிறான். அவன் அப்பா சொன்னார்: "ஒங்க பிள்ளைக அடிச்சா கலை. எம் பிள்ளை அடிச்சா அவன் சாதித் தொழில். வேணாம்." நாங்கள் வாதாடப் போகவில்லை. அவர் சொன்னது உண்மை என்று எங்களுக்குத் தெரியும்.

கண்டிப் பெரஹராவில் கெட்ட பெரய கேட்டிருப்பீர்கள். அந்த மேளத்தை அடிப்பதும் பெரவா சமூகத்துக்கென்று விதிக்கப்பட்ட வேலை. கோயில் காணியை அனுபவித்து அதற்குக் கடமையாக அடித்தார்கள். கண்டிய நடனமும் மேளமும் பாடசாலைக்குள் வந்தபின் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் பழகினார்கள். நல்லது. ஆனால் கலைக்குக் கிடைத்த மரியாதையும் ஆசிரியர் வேலையும் எங்களுக்கு வரவில்லையே என்ற மனக்குறை பழைய குடும்பங்களில் உண்டு. நாமும் அதையே செய்துவிடக் கூடாது என்பதுதான் எங்கள் பயம்.

தமிழ்நாட்டில் திண்டுக்கல் சக்தி கலைக்குழு 1990 முதல் தலித் இளம்பெண்கள் கையில் பறையைக் கொடுத்து மேடை ஏற்றுகிறது. சகோதரி சந்திரா தொடங்கியது. மதுரைப் பக்கத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். இரண்டு இடத்திலும், அடித்த சமூகத்தின் ஆட்களே முன்னால் நிற்கிறார்கள்.

அதனால் மூன்று விஷயம் வைத்துக்கொண்டோம். எங்கள் பிள்ளைகளைச் சாவுக்கு அடிக்க யாரும் கூப்பிட முடியாது. சொந்தக்காரர் சாவென்று அவர்களாகப் போனால் அது வேறு. ஒவ்வொரு லயத்திலிருந்தும் பிள்ளை வர வேண்டும். ஒரு வீட்டார் மட்டும் என்றால் வகுப்பு நடக்காது. பிள்ளைகள் எங்கே அடித்தாலும் சேர் அவர்களுக்கு முன்னால் நிற்பார். போன திருவிழாவில் ஓர் இடத்தில் பிள்ளைகளை உள்ளே அழைத்து, அவரை வெளியே நிற்கச் சொன்னார்கள். தப்பை எடுத்துக்கொண்டு எல்லோரும் திரும்பி வந்தோம். பிள்ளைகள் அழுதார்கள். சில பெற்றோருக்கு இன்னும் எங்கள்மேல் கோபம்.

இன்றைக்கு நாங்கள் கேட்பது இதுதான். சனிக்கிழமை மரக்கறித் தோட்டத்துக்குப் போனால் சேருக்கு ஒரு நாள் கைக்காசு கிடைக்கும். அதை விட்டுவிட்டு வருகிறார். பாட்டு வாத்தியார் வந்தால் கவரில் போட்டுக் கொடுப்போம். இவருக்குத் தேத்தண்ணியோடு முடித்துவிடுகிறோம். மாதம் நான்கு நாள் சம்பளத்தைப் பழக்குகிற கூலி என்று கணக்கில் எழுதிக் கொடுக்கத் தலைவர்மார் இன்றே தீர்மானம் எடுக்க வேண்டும். அன்பளிப்பு என்று எழுத வேண்டாம்.

அந்தப் பேரன் இப்போது வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கிறான். கூப்பிடவில்லை. விரல் மட்டும் வேலிக் கம்பில் சரியாக விழுகிறது. அவன் அப்பாவும் இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறார். தீர்மானத்தை அவர் முன்னால் எடுத்தால் நல்லது.

அடுத்த சனி காலை ஒன்பது மணிக்கு லயத்து வாசலில் வகுப்பு. பனியாக இருக்கும், வருகிறவர்கள் ஆளுக்கொரு கட்டு மிலாறு கொண்டு வாருங்கள்.