வெளியே வந்தவர்கள் ஏன் திரும்பிப் போனார்கள்?

(பூவத்தில் ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கூலிப் பிரச்சினை இருக்க, சினிமாவைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். நம் பிள்ளைகள் இரவெல்லாம் விழித்துப் பார்க்கும் கதையில் நமக்குள்ள பங்கு என்ன என்று அறிவதும் நம் வேலைதான். அதனால்தான் 'ஸ்குவிட் கேம்' என்ற கொரியத் தொடர்ப்படத்தை இன்று எடுத்துக்கொள்கிறோம்.

2021 செப்டம்பரில் வெளிவந்த இந்தப் படத்தை எழுதி இயக்கியவர் தென்கொரியாவின் ஹுவாங் டாங்-ஹியூக். கடனில் மூழ்கிய 456 பேரை யாருக்கும் தெரியாமல் ஒரு தீவுக்குக் கொண்டுபோகிறார்கள். சிறுபிள்ளைகள் தெருவில் ஆடும் ஆட்டங்களை ஆடச் சொல்கிறார்கள். தோற்றவரைச் சுட்டுக் கொல்கிறார்கள். செத்த ஒவ்வொருவருக்கும் பத்துக் கோடி வோன் வீதம் பரிசுப் பணம் சேருகிறது. கடைசியில் பிழைத்து நிற்பவனுக்கு 4,560 கோடி வோன். முகமூடி அணிந்த பணக்காரர்கள் சாய்ந்து உட்கார்ந்து, யார் சாவான், யார் பிழைப்பான் என்று பந்தயம் கட்டுகிறார்கள்.

ரத்தத்தைக் காட்டிக் காசு பண்ணும் படம் என்று இதை ஒதுக்கிவிடலாமா? கூடாது. அதில் ஒரு இடம் இருக்கிறது. முதல் ஆட்டத்திலேயே 255 பேர் சாகிறார்கள். மிஞ்சிய 201 பேர் ஓட்டுப் போடுகிறார்கள். வேண்டாம் என்பவர்கள் 101. தொடரட்டும் என்பவர்கள் 100. ஒரே ஓட்டில் ஆட்டம் கலைகிறது. எல்லோரும் வீடு திரும்புகிறார்கள். அவர்களைக் கட்டி இழுக்க இப்போது யாருமில்லை. ஆனாலும் 187 பேர் தாமாகவே அந்தக் கொலைக்களத்துக்குத் திரும்பி வருகிறார்கள்!

உயிர்மேல் ஆசை இல்லாமலா வந்தார்கள்? வெளியே கடன்காரன் நிற்கிறான். வைத்தியத்துக்குப் பணமில்லாமல் தாய் கிடக்கிறாள். பல மாதச் சம்பளத்தைக் கொடுக்காமல் முதலாளி ஏய்க்கிறான். "நாங்கள் யாரையும் வற்புறுத்தவில்லை, அவர்களே கையெழுத்துப் போட்டார்கள்" என்பதே ஆட்டம் நடத்துகிறவர்களின் வாதம். இந்த வாதம் நமக்குப் புதிதா? "இஷ்டமிருந்தால் வேலை செய், இல்லாவிட்டால் போ" என்று ஒப்பந்தக்காரர் சொல்லும்போதும், வாரக் கடன் காகிதத்தை நம் தாய்மார்கள் முன் நீட்டும்போதும் பேசுவது இதே வாதம்தான். பசித்தவனுக்கு முன்னால் இரண்டு வழிகளை வைத்து, இரண்டிலும் பள்ளத்தை வெட்டிவிட்டு, "நீயே தேர்ந்தெடுத்தாய்" என்பது எந்த ஊர் சுதந்திரம்?

கதாநாயகன் ஜி-ஹுன் யார் தெரியுமா? மோட்டார் ஆலையிலிருந்து ஆட்குறைப்பில் தள்ளப்பட்ட தொழிலாளி. இது வெறும் கற்பனையல்ல. சாங்யாங் மோட்டார் ஆலைப் போராட்டத்தை மனதில் வைத்தே எழுதியதாக இயக்குநரே கூறியிருக்கிறார்.

2009இல் பியாங்டேக் நகரிலுள்ள அந்த ஆலையில் 2,646 பேரை நீக்கத் திட்டமிட்டார்கள். தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே அமர்ந்து 77 நாட்கள் போராடினார்கள். தண்ணீர் நிறுத்தப்பட்டது. ஹெலிகாப்டரிலிருந்து கண்ணீர்ப்புகைத் திராவகம் ஊற்றப்பட்டது. இதனினும் கொடுமை வேறொன்று. வேலையில் வைத்துக்கொள்ளப்பட்டவர்களை 'உயிரோடிருப்பவர்கள்' என்றும், நீக்கப்பட்டவர்களை 'இறந்தவர்கள்' என்றும் தொழிலாளரிடையே பெயர் வந்தது. 'உயிரோடிருப்பவர்கள்' 'இறந்தவர்கள்' மீது ஏவிவிடப்பட்டார்கள். நேற்றுவரை ஒரே வரிசையில் நின்று வண்டி பூட்டியவர்கள்! உண்மையான மரண ஆட்டம் அங்கேதான் நடந்தது. பின்வந்த ஆண்டுகளில் அத்தொழிலாளர்களிலும் அவர்கள் குடும்பத்தாரிலும் ஏறத்தாழ முப்பது பேர் தற்கொலையாலும் நோயாலும் மாண்டார்கள்.

2004இல் அந்த ஆலையை வாங்கியது ஷாங்காய் மோட்டார் கம்பெனி. 2011இல் வாங்கியது நம் நாட்டு மஹிந்திரா. முதலாளியின் நாடு மாறியது; ஆனால் வெளியே நின்றவர்களில் மிஞ்சியவர்களையும் திரும்ப எடுக்க ஒப்பந்தம் ஏற்பட்டது 2018இல்தான்.

படத்தில் அலி என்றொரு பாகிஸ்தான் தொழிலாளி வருகிறான். டில்லியில் பிறந்த அனுபம் திரிபாதி நடித்திருக்கிறார். இயந்திரத்தில் விரல் போனவன், சம்பளமும் வராதவன். கூட்டாளியை அண்ணனாக நம்பிக் கோலி ஆட்டத்தில் ஏமாந்து சாகிறான். வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஆளனுப்பிய நம் கடற்கரை வீடுகளுக்கு அலி அந்நியனல்ல.

முதலாளித்துவத்தின் சாமர்த்தியத்தையும் பாருங்கள். இதே படத்தின் பெயரில் 2023இல் 456 பேரைத் திரட்டி, 45 லட்சத்து 60 ஆயிரம் டாலர் பரிசு வைத்து நிஜப் போட்டியே நடத்திக் காட்டினார்கள். உயிர்ப்பலிதான் இல்லை. தன்னைக் கண்டிக்கும் கதையையும் சரக்காக்கி விற்றுவிட்டார்கள்!

படத்தில் ஒரு குறையும் உண்டு. ஒருவன் மட்டுமே பிழைக்கலாம் என்ற விதியை யாராலும் உடைக்க முடியாததுபோல் அது நம்மை மலைக்க வைக்கிறது. ஆனால் சரித்திரம் வேறு சொல்கிறது. 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரியில் பிரெஞ்சு ஏகாதிபத்தியத்தின் துப்பாக்கிக்குப் பன்னிரண்டு ஆலைத் தொழிலாளர்கள் பலியானார்கள். அதன் பிறகே பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. பரிசு ஒருவனுக்கல்ல, எல்லோருக்கும் கிடைத்தது. கீழத்தஞ்சையில் கூலி உயர்வு கேட்டபோது மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை இறக்கி, ஏழையை ஏழைக்கெதிராக நிறுத்தினார்கள். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். ஆனாலும் சங்கம் எரிந்துபோகவில்லை.

கொரியாவிலும் கதை அங்கே முடியவில்லை. வேலைநிறுத்தம் செய்த சாங்யாங் தொழிலாளர்கள் 470 கோடி வோன் நஷ்டஈடு கட்ட வேண்டுமென்று தீர்ப்பு வந்தது. அதைப் படித்த ஒருவர் 47,000 வோனை உறையிலிட்டு ஒரு பத்திரிகைக்கு அனுப்பினார். ஒரு லட்சம் பேர் இப்படிக் கொடுத்தால் கடன் தீருமே என்ற கணக்கு! 2014இல் 'மஞ்சள் உறை' இயக்கம் அப்படித்தான் பிறந்தது. முன்பு அந்நாட்டில் சம்பளப் பணம் மஞ்சள் உறையில்தான் வரும். வேலைநிறுத்தம் செய்தவர்கள்மீது இத்தகைய வழக்குகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் 2025 ஆகஸ்டில் நிறைவேறியது. அதற்கும் மக்கள் வைத்த பெயர் 'மஞ்சள் உறைச் சட்டம்'.

தோழர்களே! படத்தில் 187 பேரும் தனித்தனியாக வீடு போனார்கள். தனித்தனியாகக் கடன்காரனைச் சந்தித்தார்கள். அதனால் திரும்பி வந்தார்கள். பக்கத்து ஊர் ஆளைக் குறைந்த கூலிக்கு இறக்குவதாக நாளை நம்மிடம் சொல்வார்கள். அந்த ஆளிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அவர் வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். அவருக்கும் கடன் இருக்கிறது.