ரேக் யார் தலையில் விழுகிறது?

(திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் கடைத் தொழிலாளர்களுக்காக நடத்தப்பட்ட பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தொழிற்சங்க வகுப்பு என்றால் கூலி, போனஸ், வேலை நேரம் ஆகியவற்றைப் பற்றிப் பேசுவது வழக்கம். இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது கடையில் சரக்கு அடுக்கும் இரும்பு ரேக்கைப் பற்றி. அதை எப்படிப் பாதுகாப்பாகப் பொருத்துவது, பொருத்துகிறவனின் உயிருக்கும் கைகால்களுக்கும் யார் பொறுப்பு என்பதே பொருள். சாலை கடைவீதியிலும், மணக்காட்டிலும், ஆற்றுக்காலிலும், இதே ஸ்ரீவராகத்திலும் வேலை செய்யும் தோழர்கள் இங்கே இருக்கிறீர்கள். நாளில் பத்து மணி நேரம் நீங்கள் நடமாடுவது அந்த ரேக்குகளுக்கு நடுவில்தான். ஆகவே இது கூலியைப் போலவே வாழ்வுப் பிரச்சினை.

பழைய மளிகைக் கடையை நினைத்துப் பாருங்கள். முதலாளி மேசைக்குப் பின்னால் இருப்பார். அரிசியும் பருப்பும் மூட்டையாகத் தரையில் இருக்கும். வாங்க வருகிறவர் வெளியே நிற்பார். உள்ளிருப்பவர் எடைபோட்டுக் கொடுப்பார். இன்று அந்த அமைப்பு மாறிவிட்டது. வாடிக்கையாளரே உள்ளே வந்து எடுத்துக்கொள்கிறார். 1974-இல் தொடங்கப்பட்ட கேரள அரசின் சப்ளைகோ கூட மாவேலிக் கடைகளோடு நிற்காமல் சூப்பர் மார்க்கெட்டுகளை நடத்துகிறது. இதன் விளைவு என்ன? முன்பு கிடங்கில் இருந்த சரக்கின் பெரும்பகுதி இப்போது விற்பனைத் தளத்தில், மனிதர்களின் தலைக்கு மேலே நிற்கிறது. ஒரு சதுர அடி வாடகை ஏற ஏற ரேக்கும் உயருகிறது.

அதன் எடையை ஒரு சிறிய கணக்கால் பார்ப்போம். 90 சென்டிமீட்டர் நீளமும் 40 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஒரு தட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலின் குறுக்களவு ஏறத்தாழ 8 சென்டிமீட்டர். நீளவாக்கில் 11, உள்வாக்கில் 5 என்று 55 பாட்டில்கள் நிற்கும். அதாவது 55 கிலோ. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டடுக்கு வைத்தால் 110 கிலோ. ஐந்து தட்டுகளுக்கு 550 கிலோ. இப்படி ஆறு பகுதிகள் சேர்ந்த ஒரு வரிசை 3,300 கிலோவைத் தாங்கி நிற்கிறது. மூன்று டன்னுக்கும் மேலான எடை, மெல்லிய தகட்டுத் தூண்களின் துளைகளில் கொக்கியாக மாட்டிய பிராக்கெட்டுகளின் மேல் நிற்கிறது! இதைப் பொருத்தியவருக்கு எத்தனை நாள் பயிற்சி தரப்பட்டது? எத்தனை கிலோ ஏற்றலாம் என்ற பலகை எந்தக் கடையிலாவது தொங்குகிறதா?

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2020 அக்டோபர் 2 அன்று பிரேசில் நாட்டின் மரன்யாவோ மாநிலத் தலைநகரான சாவோ லூயிஸில், மக்கள் பொருள் வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெரிய அங்காடியில் ரேக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தன. முதல் ரேக் சாய்ந்து அடுத்ததைத் தள்ள, அது அதற்கடுத்ததைத் தள்ள, சில நொடிகளில் வரிசை வரிசையாக மண்ணில் கிடந்தன. அங்கே வேலை செய்த 21 வயதுப் பெண் ஊழியர் உயிரிழந்தார். எட்டுப் பேர் காயமடைந்தனர். கண்காணிப்புக் கேமரா பதிவு செய்த அக்காட்சியை உலகமே பார்த்தது. பார்த்தவர்கள் வியந்தது அதன் வேகத்தைக் கண்டு. ஓடித் தப்ப நேரம் கிடைப்பதில்லை என்பதை நாம் அதிலிருந்து கற்க வேண்டும். ரேக் விழத் தொடங்கிய பிறகு பாதுகாப்பு என்று ஒன்றில்லை. அது பொருத்தும்போதே செய்து முடிக்கப்பட்டிருக்க வேண்டும்.

ஆகவே பொருத்தும் முறையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். இது மேஸ்திரிக்கு மட்டும் உரிய இரகசியமாக இருக்கக் கூடாது. கடையில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

வேலை தொடங்குமுன் இடத்தைக் காலி செய்து, வாடிக்கையாளர் வராதபடி தடுக்க வேண்டும். வியாபாரம் நடக்கும்போதே ஓர் ஓரத்தில் ரேக் பொருத்துவது குற்றத்துக்கு ஒப்பானது. பிறகு உறுப்புகளைச் சோதிக்க வேண்டும். வளைந்த தூண், துருப்பிடித்த கொக்கி, வாய் விரிந்த துளை ஆகியவற்றை அப்போதே ஒதுக்கிவிட வேண்டும். வேறு வேறு நிறுவனங்களின் பிராக்கெட்டுகள் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். ஆனால் ஒன்றின் கொக்கி மற்றொன்றின் துளையில் முழுமையாக அமராது. பழைய கடையில் கழற்றி வந்த ரேக்கில் இந்தக் கலப்பு அதிகம்.

அடுத்தது தரை. ரசமட்டம் வைத்துப் பார்த்து, அடியிலுள்ள திருகுகால்களால் மட்டம் சரிசெய்ய வேண்டும். அட்டைத் துண்டை மடித்துக் காலுக்கடியில் வைப்பது எங்கும் காணும் பழக்கம். தரையைக் கழுவும்போது அட்டை நனைந்து நசுங்கும்; ரேக் அந்தப் பக்கம் சாயும்.

தூணை நிறுத்த இருவர் வேண்டும். ஒருவர் பிடிக்க, மற்றவர் அடிக்காலையும் அடித்தட்டையும் மாட்ட வேண்டும். முதல் பகுதிக்குப் பின்தகடுகள் முழுவதையும் பொருத்திய பிறகே அடுத்த பகுதிக்குப் போக வேண்டும். பின்தகடு அழகுக்காக வைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். ரேக் பக்கவாட்டில் ஆடாமல் பிடித்து வைத்திருப்பது அதுதான். ஒரு தகடு குறைந்தாலும் தூண்கள் சாய்சதுரமாகச் சரியும். கோண இரும்பில் போல்ட் போட்டுச் செய்யும் ரேக்காக இருந்தால் மூலைத் தகடுகள் அந்த வேலையைச் செய்கின்றன. அவற்றில் எல்லாத் துளைகளிலும் போல்ட் வேண்டும். நட்டுகளை முதலில் கையால் மாட்டி, சட்டம் செங்கோணத்தில் நிற்கிறதா என்று பார்த்த பிறகே ஸ்பேனரால் இறுக்க வேண்டும்.

பிராக்கெட் மாட்டும்போது இடத்தூணிலும் வலத்தூணிலும் துளைகளை எண்ணி ஒரே உயரத்தில் மாட்ட வேண்டும். கொக்கிகள் எல்லாமே துளைக்குள் இறங்கி அமர வேண்டும். பூட்டுமுள் இருந்தால் அதைப் போட வேண்டும். ஒரு கொக்கி வெளியே நிற்கும் தட்டு வெறுமையாக இருக்கும்வரை ஒன்றும் காட்டாது; சரக்கு ஏறியபின் கழன்று கீழ்த்தட்டின் மேல் விழும்.

நடுவிலுள்ள ஒவ்வொரு தூணும் தன் இருபுறப் பகுதிகளிலும் பாதிப் பாதி எடையைத் தாங்குகிறது. ஒரு தூண் போனால் இரண்டு பகுதிகள் விழும். எனவே தள்ளுவண்டி மோதி நெளிந்த தூணைச் சுத்தியலால் தட்டி நேராக்கிவிட்டுப் போகக் கூடாது. சரக்கை இறக்கி, தூணை மாற்ற வேண்டும்.

பிணைப்பைப் பற்றி ஒரு பொது விதி உண்டு. ரேக்கின் உயரம் அதன் அடி ஆழத்தைப் போல நான்கு மடங்கைத் தாண்டினால், அதைச் சுவரோடோ தரையோடோ பிணைக்க வேண்டும். 40 சென்டிமீட்டர் ஆழமுள்ள ரேக் 210 சென்டிமீட்டர் உயரம் இருந்தால் அது ஐந்து மடங்குக்கும் மேல். பிணைக்காமல் அதை நிறுத்தவே கூடாது. பிணைத்த பிறகே சரக்கு ஏற்ற வேண்டும். இங்கேதான் நம் ஊரின் தனித்தன்மை வருகிறது. கோட்டைப் பகுதியிலும் சாலையிலும் பல கடைகள் வெட்டுக்கல் சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் கொண்ட பழைய கட்டடங்களில் நடக்கின்றன. பூச்சுக்குள் மட்டும் இறங்கிய ஆங்கர் போல்ட் பிடிக்காது. கையால் இழுத்தாலே பூச்சோடு வந்துவிடும். துளையிடும்போது சுவருக்குள் மின்கம்பி போகிறதா என்று பார்த்து, இணைப்பைத் துண்டித்துக்கொள்ள வேண்டும். மேலும் கிழக்குக் கோட்டை, தம்பானூர் பகுதிகளின் வெள்ளத்தேக்கத்தை நீக்க 2015-இல் ஆபரேஷன் அனந்தா என்றே ஒரு பெரும்பணி தொடங்கப்பட்டது. அத்தகைய தாழ்வான பகுதிகளில், தண்ணீர் ஏறி வடிந்த ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பின்னும் அடிக்கால்களைத் துருவுக்காகச் சோதிக்காமல் இருக்க முடியாது. கடற்காற்றும் சேர்ந்து இரும்பைத் தின்கிறது.

ஏற்றும் முறையும் பொருத்தலின் பகுதியே. கனமானவை கீழே, இலேசானவை மேலே. ஏற்றும்போது கீழிருந்து மேல். இறக்கும்போது மேலிருந்து கீழ். இருபுறத் தட்டுகள் உள்ள ரேக்கில் ஒரு பக்கத்தை மட்டும் நிரப்பிவிட்டு மறுபக்கத்தை வெறுமையாக விடக் கூடாது. தட்டில் கால் வைத்து ஏறக் கூடாது. ஏணி வேண்டும், அதைப் பிடிக்க ஆளும் வேண்டும்.

ஓணக் காலத்தில் நடப்பதை நீங்கள் அறிவீர்கள். இரவு கடை மூடிய பின், சலுகைப் பொருளுக்காகத் தட்டுகளின் உயரத்தை மாற்றச் சொல்வார்கள். சரக்கை முழுவதும் இறக்க நேரமில்லை. பாதிச் சரக்கோடு தட்டைத் தூக்கி இன்னொரு துளையில் மாட்டுவார்கள். நாளெல்லாம் நின்று களைத்த பெண் ஊழியர்தான் மறுமுனையைப் பிடித்திருப்பார். விரல் நசுங்குவதும் தகட்டு விளிம்பு கையைக் கிழிப்பதும் இந்த நேரத்தில்தான். கையுறை இல்லை, காலணி இல்லை. மறுநாள் காலை ஒரு பிளாஸ்திரியோடு அவர் கல்லாவில் நிற்பார்.

தோழர்களே, இதுவரை சொன்னவற்றில் எதுவும் கடினமான அறிவியல் அல்ல. ரேக் செய்து விற்கும் நிறுவனத்துக்குத் தெரியும். கடை முதலாளிக்கும் தெரிந்துகொள்ள வழியுண்டு. பிறகு ஏன் நடப்பதில்லை? பொறுப்பு எப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். முதலாளி ரேக்கை விற்பனையாளரிடம் வாங்குகிறார். விற்பனையாளர் பொருத்தும் வேலையை ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்கிறார். ஒப்பந்தக்காரர் நாலைந்து பேரைத் துண்டுக்கூலிக்குப் பிடிக்கிறார். அவர்களில் பலர் தமிழ்நாட்டிலிருந்தோ வங்காளத்திலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவர்கள். திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. விடிவதற்குள் முடிக்க வேண்டும். எண்ணிக்கைக்குக் கூலி என்றால், ரசமட்டம் வைக்கும் பத்து நிமிடம் தொழிலாளியின் பையிலிருந்து போகிறது. ஆங்கர் போல்ட்டின் விலை ஒப்பந்தக்காரரின் இலாபத்திலிருந்து போகிறது. கவனக்குறைவு என்று நாம் சொல்வதை இந்தக் கூலிமுறையே உற்பத்தி செய்கிறது.

சட்டம் என்ன செய்கிறது? 2025 நவம்பர் 21 முதல் ஒன்றிய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் ஒன்று, பணியிடப் பாதுகாப்பைப் பற்றியது. பொதுவாகப் பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்களுக்கே அது பொருந்தும். இந்தக் கடைவீதியில் ஐந்தாறு பேரை வைத்து நடக்கும் கடைகளே மிகுதி. ஒப்பந்தத் தொழிலாளர் பாதுகாப்புக்கு 1970-ஆம் ஆண்டுச் சட்டம் வைத்திருந்த வரம்பு 20 பேர். புதிய தொகுப்பு அதை 50 ஆக்கிவிட்டது. ரேக் பொருத்த வரும் நாலு பேர் எந்தக் கணக்கில் வருவார்கள்? இழப்பீட்டுக்கு வருவோம். ஒப்பந்தக்காரரின் ஆள் காயமுற்றால் மூல முதலாளியும் பொறுப்பு என்று 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் கூறியது. ஆனால் அந்த வேலை அவருடைய தொழிலின் வழக்கமான பகுதியாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. "என் தொழில் அரிசி விற்பது; ரேக் பொருத்துவது அல்ல" என்று கடைக்காரர் வாதிட இடம் இருக்கிறது. காலை இழந்த தொழிலாளி அந்த வாதத்துக்கு எதிராக ஆண்டுக்கணக்கில் வழக்காட வேண்டும்.

2022 ஜூனில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, பாதுகாப்பான பணியிடத்தை வேலையின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்தது. சங்கம் சேரும் உரிமைக்கு நிகரான இடம் அதற்குக் கிடைத்தது. காகிதத்தில் உள்ள அந்த உரிமையைக் கடைக்குள் கொண்டுவர வேண்டியவர்கள் நாம்.

அது முடியுமா என்று கேட்பவர்களுக்குக் கேரளமே விடை தந்திருக்கிறது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் பி. விஜியும் பெண்கூட்டு அமைப்பின் தோழியரும், விற்பனைப் பெண்கள் உட்காரும் உரிமைக்காகப் பல ஆண்டுகள் போராடினர். ஒரு நாற்காலிக்காகப் போராட்டமா என்று ஏளனம் செய்தவர்கள் இருந்தனர். 2018-இல் கேரளம் தன் 1960-ஆம் ஆண்டு கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி இருக்கையைக் கட்டாயமாக்கியது. 2021-இல் தமிழ்நாடும் அவ்வழியே சட்டம் செய்தது. நாற்காலி சட்டமாகியது, ரேக்கும் ஆகலாம்.

ஆகவே நம் கோரிக்கைகளைத் தெளிவாக வகுத்துக்கொள்வோம்.

ஒன்று: ஒவ்வொரு ரேக்கிலும் ஒரு தட்டுக்கும் ஒரு பகுதிக்கும் எத்தனை கிலோ ஏற்றலாம் என்று தமிழ், மலையாளம், இந்தி மொழிகளில் எழுதி ஒட்ட வேண்டும்.

இரண்டு: பொருத்தி முடித்த பின் மட்டம், பூட்டு, பிணைப்பு மூன்றையும் சோதித்ததாக விற்பனையாளரும் கடை முதலாளியும் கையொப்பமிட்ட தாள் கடையில் இருக்க வேண்டும்.

மூன்று: பொருத்தும் வேலைக்கும் தட்டு மாற்றும் வேலைக்கும் துண்டுக்கூலி கூடாது, நாட்கூலி வேண்டும். நள்ளிரவு வேலை கூடாது. கையுறையும் காலணியும் ஏணியும் முதலாளி தர வேண்டும்.

நான்கு: யார் அழைத்து வந்தாலும், கடைக்குள் காயமுற்றவருக்குக் கடை முதலாளியே முதற்பொறுப்பு என்று கேரளக் கடைகள் சட்டத்தில் எழுத வேண்டும். ஊழியர் எண்ணிக்கை வரம்பு அதற்கு இருக்கலாகாது.

சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். அடுத்த ஒரு மாதத்துக்குள் ஒவ்வொரு கிளையும் தன் உறுப்பினர்கள் வேலை செய்யும் கடைகளில் ரேக்குகளைப் பார்த்து ஒரு பட்டியல் எடுக்கட்டும். பிணைக்கப்படாதவை எத்தனை, பின்தகடு இல்லாதவை எத்தனை, தூண் நெளிந்தவை எத்தனை என்று எழுதுங்கள். அந்தப் பட்டியலை முதலாளியிடம் எழுத்தில் கொடுத்து, பெற்றதற்குக் கையொப்பம் வாங்குங்கள். நகலைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் சேருங்கள். எழுத்தில் அறிவித்த பிறகு "எனக்குத் தெரியாது" என்று எந்த முதலாளியும் சொல்ல முடியாது. ரேக் பொருத்த வரும் வெளிமாநிலத் தொழிலாளியைப் பார்த்தால், அவர் மொழியில் இரண்டு சொல் பேசி, தூணின் மறுமுனையைப் பிடிக்க ஆள் இருக்கிறதா என்று கேளுங்கள். அவரும் நம் வர்க்கத்தவர். அவர் தவறாக மாட்டும் கொக்கி நாளை நம் தலைக்கு மேல் இருக்கும். அவரைத் தனியாக விட்டால் நாமும் தனியாகவே நிற்போம்.